வேகமாக ஓட்டுபவருக்குப் பழைய கார் வாங்கும்போது

விபத்துச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் எலும்பியல் மருத்துவரிடம் எலும்பு கூடுவதைப் பற்றியும் நடைப்பயிற்சியைப் பற்றியும் கேட்பது வழக்கம். அண்மை ஆண்டுகளில் அவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தந்தையோ தாயோ தயங்கி நின்று கேட்பார்கள்: "இனிமே பைக் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம் டாக்டர். ஒரு பழைய கார் வாங்கிக் கொடுக்கலாம்னு இருக்கோம். ஆனா இவன் வேகமாத்தான் ஓட்டுவான். எது வாங்கினா பாதுகாப்பு?"

வேகமாக ஓட்டுபவர் எப்போதும் இருபது வயது மகன் அல்லர். மருந்து விற்பனைப் பணிக்காக நாள்தோறும் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லும் மருமகளாகவும், ஐம்பது வயதைக் கடந்த குடும்பத் தலைவராகவும் இருக்கலாம். யாராக இருப்பினும் விடை ஒன்றே. வண்டியின் வேகத்துக்காகப் பணம் கொடுக்காதீர்கள். அதன் உடற்கூட்டுக்கும் பிரேக்குக்கும் டயருக்கும் கொடுங்கள். அத்துடன், எந்த வண்டியும் எல்லா வேகத்திலும் காப்பாற்றாது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இவ்விரண்டையும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரு விபத்தில் மூன்று மோதல்கள்

ஒரு கார் மரத்தில் மோதும்போது நிகழ்வது ஒரு மோதல் அன்று. முதலில் கார் மரத்தில் மோதுகிறது. அடுத்து, அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்லும் உடல் ஸ்டியரிங்கிலோ டாஷ்போர்டிலோ கண்ணாடியிலோ மோதுகிறது. மூன்றாவதாக, உடல் நின்ற பிறகும் நகர்ந்துகொண்டிருக்கும் மூளை மண்டையோட்டின் உட்புறத்திலும், இதயமும் கல்லீரலும் தம்மைத் தாங்கும் தசைநார்களிலும் மோதுகின்றன.

முதல் மோதலைத் தாங்குவது காரின் உடற்கூடு. முன்பகுதி நசுங்கி ஆற்றலை உள்வாங்க வேண்டும். பயணிகள் அமரும் அறை நசுங்காமல் நிற்க வேண்டும். இரண்டாவது மோதலைத் தணிப்பவை சீட் பெல்ட்டும், ஏர்பேக் எனப்படும் காற்றுப்பையும். மூன்றாவது மோதலைத் தடுக்கும் கருவி எதுவும் இல்லை. அதைக் குறைக்கும் முதன்மையான வழி வேகத்தைக் குறைப்பதுதான்.

மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுவரில் மோதுவது ஏறக்குறைய 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்தாம் மாடியின் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 100 கிலோமீட்டர் வேகமெனில் அந்த உயரம் 39 மீட்டர்; ஏறத்தாழ பன்னிரண்டு மாடி.

நட்சத்திரங்கள் சொல்வதும் சொல்லாததும்

64 என்ற எண்ணைக் காரணத்தோடுதான் எடுத்துக்கொண்டேன். இந்தியக் கார்களைக் குளோபல் என்கேப் அமைப்பு 2014 முதல் மோதிச் சோதித்து வருகிறது. அரசின் பாரத் என்கேப் திட்டம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இரண்டிலும் முன்பக்க மோதல் சோதனை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்திலேயே நடக்கிறது. விளம்பரத்தில் காணும் ஐந்து நட்சத்திரம் அந்த வேகத்தில் பெற்ற மதிப்பெண். அதே கார் 100 கிலோமீட்டரில் மோதினால் ஆற்றல் அச்சோதனையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. "ஐந்து நட்சத்திர வண்டி, எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒன்றும் ஆகாது" என்று எண்ணுவது தவறு என்பதற்கு இக்கணக்கே போதும்.

ஆனாலும் நட்சத்திரத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். விபத்துக்கு முன் ஓட்டுநர் பிரேக் அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டால், நல்ல உடற்கூடு உயிரையும் கால்களையும் காக்கும். பழைய கார் சந்தையில் இதற்கேற்ற வண்டிகள் உள்ளன. குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியத் தயாரிப்பு டாடா நெக்ஸான், ஆண்டு 2018. 2020இல் டாடா அல்ட்ராஸும் மஹிந்திரா எக்ஸ்யூவி 300உம் அதே நிலையை எட்டின. 2022இல் சோதனை முறை கடுமையாக்கப்பட்டது. அப்புதிய முறையில் ஐந்து நட்சத்திரம் பெற்றவற்றுள் ஃபோக்ஸ்வாகன் டைகுனும் ஸ்கோடா குஷாக்கும் அடங்கும். எனவே நட்சத்திர எண்ணிக்கையோடு அது எந்த ஆண்டுச் சோதனை என்பதையும் பாருங்கள். சோதனை அறிக்கையில் உடற்கூடு நிலையானதா, நிலையற்றதா என்று ஒரு வரி இருக்கும். என் பார்வையில் நட்சத்திரத்தைவிட அந்த வரி முக்கியமானது.

பெயர் ஒன்றாக இருப்பதால் வண்டியும் ஒன்றாகிவிடாது. 2014இல் ஃபோக்ஸ்வாகன் போலோவின் காற்றுப்பை இல்லாத வகை ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. இரண்டு காற்றுப்பைகள் கொண்ட வகை நான்கு நட்சத்திரம் பெற்றது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. ஆகவே நீங்கள் பார்க்கும் வண்டி எந்த வகை, அதில் எவை உள்ளன என்று நேரில் சரிபார்ப்பது அவசியம்.

சோதனைக்கூடத்துக்கு வெளியே உள்ள ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலை ஓரம் விளக்கின்றி நிற்கும் லாரியின் பின்புறத்தில் கார் மோதும்போது, நசுங்கி ஆற்றலை வாங்க வேண்டிய முன்பகுதி லாரியின் அடியில் நுழைந்துவிடுகிறது. அடி நேராகக் கண்ணாடியின் உயரத்தில், தலையில் விழுகிறது. எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் இவ்வகை மோதலில் அவை பெரிதும் உதவுவதில்லை.

எந்த ஆண்டு வண்டி?

பழைய காரில் ஆண்டு என்பது விலையை மட்டும் குறிப்பதன்று. நம் நாட்டில் பாதுகாப்பு விதிகள் படிப்படியாக வந்தன. 2019 ஏப்ரலில் ஏபிஎஸ் பிரேக் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. அதே ஆண்டு ஜூலையில் ஓட்டுநர் காற்றுப்பை, முன்னிருக்கைகளுக்கான சீட் பெல்ட் எச்சரிக்கை, 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒலிக்கும் வேக எச்சரிக்கை ஆகியவையும், அக்டோபரில் முன்பக்க, பக்கவாட்டு மோதல் விதிகளும் கட்டாயமாயின. முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பை 2022 தொடக்கத்திலிருந்து எல்லாக் கார்களிலும் உண்டு.

எனவே நான் சொல்லும் எளிய விதி இது: இயன்றால் 2022 அல்லது அதற்குப் பின் தயாரான வண்டி, இயலாவிட்டால் 2019 அக்டோபருக்குப் பின் தயாரான, இரண்டு காற்றுப்பைகள் உள்ள வகை. பதிவான தேதியைப் பார்க்காமல், ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். அதே பணத்துக்குப் பத்து ஆண்டுப் பழமையான பெரிய சொகுசுக் கார் கிடைக்கும். தரகரும் அதையே காட்டுவார். வேகமாக ஓட்டுபவருக்கு அதைவிட, நான்கைந்து ஆண்டுப் பழமையான சிறிய, நல்ல உடற்கூடுள்ள கார் ஏற்றது.

நிற்கும் திறன்

ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கச் சுமார் ஒன்றரை வினாடி ஆகும் என்று கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி 25 மீட்டர் சென்றுவிடும். பிறகு, காய்ந்த சாலையில், நல்ல டயர் இருந்தால் இன்னும் 20 மீட்டரில் நிற்கும். மொத்தம் 45 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே 42 மீட்டர் கடந்திருப்பார். நிற்பதற்கு ஏறத்தாழ 97 மீட்டர் வேண்டும். முதலாமவர் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாமவர் ஏறக்குறைய முழு வேகத்தில் சென்றுகொண்டிருப்பார்.

ஆகவே குதிரைத்திறன் கூடிய வகையைத் தவிர்த்து, இஎஸ்சி எனப்படும் நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள வகையைத் தேடுங்கள். திடீரெனத் திருப்பும்போது வண்டி சுழலத் தொடங்கினால், அது தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து வண்டியை நேராக்கும். வேகமாக ஓட்டுபவர் சாலையை விட்டு விலகிக் கவிழ்வதைத் தடுக்க இதைவிட உதவும் கருவி குறைவு. பல மாடல்களில் உயர்ந்த வகையில் மட்டுமே இது உண்டு. அழகு அலாயும் பெரிய திரையும் இருப்பதால் இதுவும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

உயரமான வண்டியே பாதுகாப்பு என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக உள்ளது. எடை கூடிய வண்டி, எதிரே வரும் சிறிய காருடன் மோதும்போது தன் பயணிகளைச் சற்றுக் கூடுதலாகக் காக்கும் என்பது உண்மை. ஆனால் எடை மையம் உயர உயர, வளைவில் கவிழும் வாய்ப்பும் உயரும். வேகமாக ஓட்டுபவருக்கு உயரமான வண்டிதான் வாங்குவது என்றால், இஎஸ்சி இல்லாத வண்டியை விலக்கிவிடுங்கள்.

அடிபட்ட வண்டியை அறிவது எப்படி?

காரின் பாதுகாப்பு ஒருமுறை பயன்படுவது. மோதலில் விரிந்த காற்றுப்பையையும், இழுபட்ட சீட் பெல்ட்டையும் புதிதாக மாற்ற வேண்டும். அதற்குச் செலவு அதிகம். அதனால் சிலர் மாற்றாமலே மூடிவிட்டு விற்றுவிடுகிறார்கள். எங்கள் பிரிவில் சிகிச்சை பெற்ற ஓர் இளைஞரின் மார்பெலும்பும் பல விலா எலும்புகளும் ஸ்டியரிங்கில் மோதி முறிந்திருந்தன, காற்றுப்பை விரியவில்லை. அந்தக் கார் முன்பே ஒருமுறை அடிபட்டது என்பதும், ஸ்டியரிங்கின் மூடிக்குள் காற்றுப்பையே இல்லை என்பதும் பின்னரே குடும்பத்துக்குத் தெரிந்தது. வாங்கும் நாளில் அந்தக் காரின் நிறமும் இருக்கை உறையும் பளிச்சென்று இருந்தனவாம்.

ஆகையால் கீழ்க்கண்டவற்றை அவசரமின்றிப் பாருங்கள்.

1. சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து, சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் ஐயம் இன்னும் பெரிது. விளக்கின் இணைப்பே துண்டிக்கப்பட்டிருக்கலாம்.

2. ஸ்டியரிங் மூடியும் டாஷ்போர்டும் நிறத்திலோ இடைவெளியிலோ வேறுபடுகின்றனவா என்று பாருங்கள்.

3. எல்லாச் சீட் பெல்ட்டுகளையும் கடைசி வரை இழுங்கள். நூல் பிரிந்திருத்தல், அலையலையாகச் சுருங்கியிருத்தல், இழுத்தால் வராமல் சிக்குதல் ஆகியவை முன்பு நேர்ந்த மோதலின் அடையாளங்களாக இருக்கலாம். பெல்ட்டின் உட்பகுதியில் மண் படிந்திருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கக்கூடும். 2015இலும் 2023இலும் சென்னையில் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் ஏராளம். இருக்கைகளின் அடியில் துருவும், விரிப்பின் அடியில் ஈரவாடையும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

4. பானெட், கதவு, முன் இறக்கைத் தகடு ஆகியவற்றின் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா? டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். பின்னால் அடிபட்டுத் தட்டி நிமிர்த்திய சுவடு அங்கே தெரியும். கதவில் டிங்கரிங் செய்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். முன் சட்டகத்திலோ, கதவுகளுக்கு இடையிலுள்ள தூண்களிலோ வெட்டிப் பற்றவைத்திருந்தால் அந்த வண்டி எந்த விலைக்கும் வேண்டாம்.

5. சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலியை ஏமாற்றும் போலிக் கொக்கி செருகியிருக்கிறதா? இருந்தால் முன்பு ஓட்டியவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். அதை அன்றே எறிந்துவிடுங்கள். பெல்ட் அணியாதவரின் முகத்தில் விரியும் காற்றுப்பையே காயம் விளைவிக்கும்.

6. பழைய இன்சூரன்ஸ் ஆவணத்தில் நோ கிளெயிம் போனஸ் எவ்வளவு என்று பாருங்கள். ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராத வண்டிக்கு 50 விழுக்காடு இருக்கும். அது சுழியமாக இருந்தால், என்ன சேதத்துக்காக இழப்பீடு பெறப்பட்டது என்று கேளுங்கள்.

இவற்றைப் பார்த்த பின்னும், அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் கணினிச் சோதனை செய்து, காற்றுப்பைகள் உண்மையில் உள்ளனவா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். விற்பவர் இதற்கு மறுத்தால் வேறு வண்டி பாருங்கள்.

டயரும் பிரேக்கும்

வண்டியைச் சாலையோடு இணைப்பவை நான்கு உள்ளங்கை அளவு ரப்பர் மட்டுமே. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். ஐந்து ஆண்டைக் கடந்த டயரில் பள்ளம் மீதமிருந்தாலும், வேகமாக ஓட்டுபவருக்கு அதை மாற்றிவிடுவது நல்லது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது; மழைக்காலத்தில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடலாம். தேய்ந்த டயர் தேங்கிய நீரைப் பிளந்து வெளியேற்ற முடியாமல் அதன் மேல் மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயன்படா. டயரின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட்டிலோ சஸ்பென்ஷனிலோ குறை இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், ஊட்டி, ஏற்காடு போன்ற மலைப்பாதையில் இறங்கும்போது சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். ஓட்டிப் பார்க்கும்போது வெறிச்சோடிய சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் உறுதியாகப் பிரேக் அழுத்துங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. ஏபிஎஸ் செயல்படும்போது பெடல் படபடவென்று துடிக்கும். அது கோளாறன்று, அப்போது காலை எடுக்கக் கூடாது என்று வீட்டில் ஓட்டும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

வண்டிக்கென ஒதுக்கிய தொகை முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் தனியே வைத்து, வாங்கிய வாரமே டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில், வீல் அலைன்மென்ட் ஆகியவற்றுக்குச் செலவிடுங்கள்.

நீடித்து உழைக்க

கிலோமீட்டர் மீட்டரைத் திருத்துவது எளிது. சர்வீஸ் பதிவேட்டைத் திருத்துவது கடினம். பதிவேட்டில் எண்கள் ஒழுங்காக ஏறிவருகின்றனவா என்று பாருங்கள். 30,000 கிலோமீட்டரே ஓடியதாகச் சொல்லும் காரில் பெடல் ரப்பரும் ஸ்டியரிங் உறையும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் நம்ப வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முதல் முறை இயக்கிப் பாருங்கள். உங்கள் ஊரில் உதிரி பாகமும் பழகிய மெக்கானிக்கும் கிடைக்கும் வண்டியே நீண்ட நாள் உழைக்கும். பாகம் கிடைக்காத வண்டியில் சிறு பழுதுகள் சரிசெய்யப்படாமல் தங்கிவிடும்.

ஆர்.சி. மாற்றத்தை உடனே முடியுங்கள். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கடன் நிலுவை இல்லை என்ற சான்றும் வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் ஓட்டுபவர்களுக்கு

நம் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவருக்கே கார் வாங்குவதென்றால் சில கூடுதல் குறிப்புகள். இடது முழங்காலிலோ கணுக்காலிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்குக் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி எளிது. இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு மிகத் தாழ்ந்த இருக்கை ஏற்றதன்று. வலது காலில் முறிவு ஏற்பட்டவர், வலியின்றி முழு வலிமையோடு திடீர்ப் பிரேக் அழுத்த முடியும் என்று மருத்துவர் உறுதிசெய்யும் வரை ஓட்டக் கூடாது. உறக்கம் தரும் வலி மருந்தோ வலிப்பு மருந்தோ உட்கொள்பவரும், இன்சுலின் போடுபவரும் ஓட்டத் தொடங்குமுன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சாவியைக் கொடுக்குமுன்

வேகமாக ஓட்டுபவரிடம் "மெதுவாப் போ" என்று சொல்வதால் பெரிய பயன் விளைவதில்லை என்பதைக் குடும்பத்தினர் அறிவார்கள். குறிப்பாகச் சொல்லும் சில விதிகள் அதைவிடப் பலன் தரும். பின்னிருக்கை உட்பட எல்லோரும் பெல்ட் அணியும் வரை வண்டி நகராது. பெல்ட் அணியாமல் பின்னால் அமர்ந்தவர் மோதலின்போது முன்னிருப்பவர் மேல் விழுந்து அவரையும் நசுக்குகிறார். குழந்தையை மடியில் வைத்து முன்னிருக்கையில் அமர்வதில்லை. டாஷ்போர்டின் மேல் கால் நீட்டுவதில்லை; காற்றுப்பை விரிந்தால் தொடையும் இடுப்பும் ஒருசேர முறியும். 80இல் ஒலிக்கும் எச்சரிக்கையைத் துண்டிப்பதில்லை. நள்ளிரவுக்குப் பின் விடியும் வரை நெடுஞ்சாலைப் பயணம் இல்லை. இருக்கையைச் சரிசெய்யும்போது மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே ஓர் அடியேனும் இருக்கட்டும். தலைசாய்மானத்தின் மேல்விளிம்பு தலையின் உச்சிக்கு இணையாக இருக்கட்டும்.

இவற்றைப் பேச ஏற்ற நேரம், வண்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பு. வண்டியைத் தேடும் நாட்களிலேயே ஓட்டப்போகிறவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். டயரின் எண்ணை அவரே படிக்கட்டும். சீட் பெல்ட்டை அவரே இழுத்துப் பார்க்கட்டும். 60க்கும் 100க்கும் உள்ள நிறுத்தத் தொலைவை ஒரு காலி மைதானத்தில் அவரே அடியெடுத்து அளக்கட்டும். 97 மீட்டர் என்பது எவ்வளவு தூரம் என்று நடந்து பார்த்தவர், அடுத்த முறை லாரியின் பின்னால் செல்லும்போது சற்று இடைவெளி விட்டுச் செல்வார் என்று எதிர்பார்க்கலாம்.